படிப்பவருக்கும் உடல் உண்டு



ஒரு பட்டம் வாங்கியதும் பிள்ளை வேலைக்குப் போய்விடும் என்று நாம் எண்ணுகிறோம். சில பிள்ளைகளோ அதற்கு மேலும் படிக்க விரும்புகிறார்கள். "இன்னுமா படிப்பு முடியவில்லை?" என்று பக்கத்து வீட்டார் கேட்கும்போது பெற்றோருக்குப் பதில் சொல்லத் தெரிவதில்லை. ஆகவே, இன்று அந்த ஆய்வு மாணவரின் வாழ்க்கையைச் சற்றுக் கவனிப்போம்.

முதல் பட்டப்படிப்பில் ஆசிரியர் பாடம் சொல்வார். மாணவர் கேட்டுத் தேர்வு எழுதுவார். ஆய்வுப் படிப்பு அப்படியன்று. ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, நூல்களைத் தேடி, சோதனைகள் செய்து, தாமே விடை கண்டு, அதை ஆய்வேடாக எழுத வேண்டும். வழிகாட்ட ஒரு பேராசிரியர் உண்டு. ஆனால், வேலை முடிந்தது என்று மணி அடிப்பவர் யாரும் இல்லை. நள்ளிரவிலும் அந்த வேலை மனத்தை விடாது.

மாக் மண்டினில் குடியிருக்கும் ஒரு மாணவியை நினைத்துக்கொள்வோம். 1969-இல் தொடங்கப்பட்ட மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் தீவில், மிண்டனில் இருக்கிறது. பட்டர்வொர்த்தில் பெரி ஏறிக் கடலைக் கடந்து, ஜார்ஜ் டவுனில் பஸ் பிடிக்க வேண்டும். மோட்டார் சைக்கிள் இருந்தால் 1985-இல் திறக்கப்பட்ட பினாங்குப் பாலத்தில் போகலாம். மாலையில் கைச்செலவுக்காகச் சிறு பிள்ளைகளுக்கு டியூஷன். வீட்டுக்கு வந்தால் சமையலறை வேலை. அதன் பிறகே எழுத்து. இந்த நெருக்கடியில் முதலில் குறைவது உறக்கம், அடுத்தது உடற்பயிற்சி.

இது சரிதானா? பால்மரம் வெட்டிய கைகளுக்கு விடை தெரியும். ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டுவது தோட்டத்து வழக்கம். வெட்டாத நாளில் மரம் சும்மா நிற்பதில்லை. இழந்த பாலை உள்ளே மீண்டும் உண்டாக்கிக்கொள்கிறது. பேராசைப்பட்டு அளவுக்கு மீறி வெட்டினால் பட்டை காய்ந்து பால் நின்றுவிடும். நம் மூளைக்கும் ஓய்வு வேண்டும். பகலில் கற்றதை நினைவில் பதிய வைக்க உறக்கம் துணை செய்கிறது என்று மருத்துவ அறிஞர்கள் கூறுகிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாரத்திற்கு 168 மணி நேரம். நாளுக்கு 7 மணி வீதம் உறக்கத்திற்கு 49. ஆய்வுக்கு 48, பயணத்திற்கு 15, டியூஷனுக்கு 10 என்று வைத்தாலும் 46 மணி மிஞ்சுகிறது. உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குக் கூறும் உடலுழைப்பு, வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடம். அதாவது இரண்டரை மணி நேரம். நாளுக்கு அரை மணி வீதம் ஐந்து நாள் வேகமாக நடந்தால் போதும். காசும் வேண்டாம், கருவியும் வேண்டாம்.

"ஓடியாடினால் படிப்புக் கெடும்" என்று அஞ்சுவோர் டாக்டர் மணி ஜெகதீசனை நினைக்கலாம். கோலகங்சாரில் 1943-இல் பிறந்த இவர், சிங்கப்பூரில் மருத்துவம் படித்தவர். 1960, 1964, 1968 ஆகிய மூன்று ஒலிம்பிக் போட்டிகளிலும் ஓடினார். 1966-இல் பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் மூன்று தங்கம் வென்றார். 1968-இல் மெக்சிகோவில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனை 2017 வரை நிலைத்தது. பின்னாளில் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் இயக்குநராகவும் விளங்கினார். எல்லாரும் அவரைப்போல் ஓட முடியாது. ஆனால், படிப்பும் உடற்பயிற்சியும் பகையல்ல என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்று.

பெற்றோரே, நாம் செய்ய வேண்டியது என்ன? ஆண்பிள்ளை படித்தால் தேநீர் கொண்டு கொடுக்கிறோம். பெண்பிள்ளை படித்தால் பாத்திரம் கழுவச் சொல்கிறோம். வீட்டு வேலையை எல்லாருக்கும் பிரித்துக் கொடுப்போம். மகள் மாலையில் நடக்க விரும்பினால், தனியே போகாதே என்று தடுப்பதை விட, தாயோ அண்ணனோ துணைக்குப் போகலாம். அவர்கள் உடம்புக்கும் அது நல்லது. படிக்கும் பிள்ளை பல நாள் உறங்காமல், உண்ணாமல், யாரோடும் பேசாமல் இருந்தால், சோம்பல் என்று ஏசாமல் அருகிலுள்ள சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்வோம்.

மாணவர்களே, உறங்கும் நேரத்தையும் நடக்கும் நேரத்தையும் முதலில் குறித்துவிட்டு, மற்ற வேலைகளுக்கு நேரம் ஒதுக்குங்கள். ஆய்வேடு எழுதி முடிக்கச் சில ஆண்டுகள் ஆகும். அத்தனை ஆண்டும் உழைப்பதற்கு உடம்பு நலமாக இருக்க வேண்டும் அல்லவா?