ரோட்டை ஏற்றுக்கொள்ளும் முன்: கான்கிரீட் சாலையில் நாம் பார்க்க வேண்டியவை

(சங்கத்தின் காலாண்டு உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் இன்ஜினியர் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் கிளார்க்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வீட்டுக் கடன் ஃபைல்களில் ஒரு பழக்கம் உண்டு. அஸ்திவாரம் முடிந்ததற்குச் சான்று வந்தால்தான் முதல் தவணை, கூரை முடிந்ததற்குச் சான்று வந்தால்தான் அடுத்தது. கட்டியவர் நல்லவரா கெட்டவரா என்பது கேள்வியே இல்லை. காகிதம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அந்தப் பழக்கத்தோடுதான் நம் இரண்டாம் கட்ட ரோட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

இரண்டாம் கட்டத்தில் உள் சாலைகளுக்கு அடுத்த மாதம் கான்கிரீட் போடப்போவதாக பில்டர் தரப்பில் சொல்லியிருக்கிறார்கள். போட்டு முடித்ததும் ஒப்படைப்புக் கடிதம் நீட்டுவார்கள். நாம் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து அந்த ரோட்டில் வரும் ஒவ்வொரு விரிசலும் நம் பராமரிப்புக் கணக்கில்தான் ஏறும். முதல் கட்டத்தில் பம்ப் ரூம் பக்கம் ரோடு உள்வாங்கியதை எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். அப்போது சங்கமே பதிவாகவில்லை. சாவியோடு சேர்த்து ரோடும் நம் தலைக்கு வந்துவிட்டது. இந்த முறை சங்கம் இருக்கிறது. கான்கிரீட் இன்னும் கொட்டவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்க இதுதான் நேரம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து பயனில்லை.

கான்கிரீட்டுக்குக் கீழே

ரோடு கெட்டுப்போனால் எல்லோரும் சிமென்டைத் திட்டுகிறோம். பெரும்பாலும் குற்றம் அதற்குக் கீழே இருக்கிறது. கான்கிரீட் பலகை விறைப்பானது. தார் ரோடு போலப் பள்ளத்துக்கு ஏற்ப வளைந்து கொடுக்காது. அடியில் ஓரிடத்தில் மண் இறங்கினால், பலகை அந்தரத்தில் நிற்கும். மேலே கனமான வண்டி ஏறினால் உடையும்.

நம் குடியிருப்பில் மண் இறங்கும் இடம் எது? பாதாளச் சாக்கடைக்கும் குடிநீருக்கும் வெட்டிய குழாய்ப் பள்ளங்கள். வெட்டிய மண்ணை அப்படியே தள்ளி மூடிவிட்டால் முதல் மழையிலேயே அமுங்கும். பம்ப் ரூம் பக்கம் உள்வாங்கியதும் சாக்கடைக் குழாய் போகும் கோட்டின் மேலேதான். பள்ளத்தை அடுக்கடுக்காக நிரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் தண்ணீர் விட்டு இறுக்க வேண்டும். இறுகியிருக்கிறதா என்று பார்க்க மணல் மாற்று முறை என்று ஒரு எளிய சோதனை உண்டு. சிறு குழி எடுத்து, எடுத்த மண்ணை எடை போட்டு, அந்தக் குழியில் மணல் நிரப்பி அளவைக் கணக்கிடுவார்கள். களிமண் உள்ள இடமானால் இன்னும் கவனம் தேவை. அது மழையில் வீங்கும், வெயிலில் சுருங்கும்.

இறுக்கிய மண்ணுக்கு மேலே ஜல்லி அடுக்கு, அதையும் ரோலர் விட்டு இறுக்க வேண்டும். அதன்மேல் பிளாஸ்டிக் விரிப்பு. வழக்கமாக 125 மைக்ரான். கான்கிரீட்டின் தண்ணீரை ஜல்லி உறிஞ்சிவிடாமலும், பலகை சுருங்கும்போது அடியில் பிடித்துக்கொள்ளாமலும் இருக்கத்தான் அது. கான்கிரீட் கொட்டிய பிறகு இவற்றில் ஒன்றைக்கூட நம்மால் பார்க்க முடியாது. அதனால்தான் "கொட்டுவதற்கு முன்" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

இதே கட்டத்தில் இன்னொன்று. இன்டர்நெட் கேபிள், மின்சாரக் கேபிள், சிசிடிவி, சுத்திகரித்த தண்ணீர் லைன் எல்லாவற்றுக்கும் ரோட்டின் குறுக்கே காலிக் குழாய்களை இப்போதே புதைத்துவிட வேண்டும். சில காலிக் குழாய்களுக்கு ஆகும் செலவு சொற்பம். ரோடு போட்ட ஆறாம் மாதம் ஒரு கேபிள்காரர் கட்டரோடு வந்து நின்றால் ஆகும் செலவு சொற்பமல்ல. வெட்டி ஒட்டிய கான்கிரீட் பழையபடி ஒன்றாகச் சேராது.

தடிமன்: ஒரு சின்னக் கணக்கு

போக்குவரத்து குறைந்த கான்கிரீட் சாலைகளுக்கென்றே இந்திய சாலைக் காங்கிரஸ் ஒரு வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. ஐ.ஆர்.சி. எஸ்.பி. 62 என்று பெயர். அதன்படி தடிமன் குறைந்தது 150 மி.மீ., அதாவது 6 அங்குலம். கான்கிரீட் தரம் குறைந்தது எம்30. 28 நாளில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 30 நியூட்டன் அழுத்தம் தாங்க வேண்டும் என்று பொருள். நமக்குப் புரிகிற மாதிரி சொன்னால் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 300 கிலோ.

"நம் ரோட்டில் காரும் ஸ்கூட்டரும்தானே போகிறது, 5 அங்குலம் போதாதா?" என்று பி பிளாக் நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் கோடையில் நம் வாசலுக்கு வருவது எது? 12,000 லிட்டர் தண்ணீர் லாரி. தண்ணீரின் எடை மட்டுமே 12 டன். லாரியின் எடை தனி. குப்பை வண்டி, வீடு மாற்றும் லாரி எல்லாம் உண்டு. உயர்மாடிக் கட்டடங்களைச் சுற்றியுள்ள பாதை 45 டன் வரையிலான தீயணைப்பு வண்டியைத் தாங்க வேண்டும் என்று தேசியக் கட்டட விதித்தொகுப்பே சொல்கிறது. காரை வைத்துக் கணக்குப் போடக்கூடாது, லாரியை வைத்துத்தான் போட வேண்டும்.

தடிமனைக் கொஞ்சம் குறைத்தால் கொஞ்சம்தான் பலம் குறையும் என்று நினைப்போம். அப்படியில்லை. பலகையின் வளைவைத் தாங்கும் திறன் ஏறக்குறையத் தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது. 150 மி.மீ. போட வேண்டிய இடத்தில் 120 போட்டால், கான்கிரீட் மிச்சம் 20 சதவீதம். குறையும் பலமோ சுமார் 36 சதவீதம். மிச்சம் அவர்களுக்கு, குறை நமக்கு.

இதைக் கண்டுபிடிக்க இன்ஜினியர் வேண்டியதில்லை, கால்குலேட்டர் போதும். 200 மீட்டர் நீளம், 5.5 மீட்டர் அகலம், 0.15 மீட்டர் தடிமன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கினால் 165 கன மீட்டர். மிக்ஸர் லாரி ஒன்றில் 6 கன மீட்டர் வருகிறது என்றால் 28 லாரி. 120 மி.மீ. தடிமனுக்கு 132 கன மீட்டர், 22 லாரி போதும். ஆக, கேட்டில் இருக்கும் செக்யூரிட்டி லாரிகளை எண்ணி ரிஜிஸ்டரில் எழுதி, சலான் நகலை வாங்கி வைத்தாலே போதும், ஆறு லாரி வித்தியாசம் தானாகத் தெரிந்துவிடும்.

சலானில் தரம் எம்30 என்று இருக்கிறதா, பிளான்ட்டில் எத்தனை மணிக்கு ஏற்றினார்கள் என்பதையும் பாருங்கள். ரெடிமிக்ஸ் கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலைப்படி, ஏற்றிய 2 மணி நேரத்துக்குள் இறக்கிவிட வேண்டும். கெட்டியாவதைத் தள்ளிப்போடும் ரசாயனம் சேர்த்திருந்தால்தான் அதற்கு மேல் போகலாம். நம் டிராஃபிக்கில் லாரி மாட்டிக்கொண்டு வந்து, கெட்டியாகிவிட்டது என்று ஹோஸ் பைப்பில் தண்ணீர் அடித்தால், அந்த நிமிடமே எம்30 போய்விட்டது. இந்தத் தரத்தில் 50 கிலோ சிமென்ட் மூட்டைக்கு ஏறக்குறைய 22 லிட்டர் தண்ணீர்தான் கணக்கு. கூடும் ஒவ்வொரு வாளியும் பலத்தைத் தின்னும்.

விரிசலை நாம் முடிவு செய்ய வேண்டும்

கான்கிரீட் காயும்போது சுருங்கும், சுருங்கினால் விரிசல் விடும். இதைத் தடுக்க முடியாது. எங்கே விட வேண்டும் என்று மட்டும் நாம் முடிவு செய்யலாம். அதற்குத்தான் குறுக்கே நேர்கோடாக வெட்டும் இணைப்புகள். இரண்டரை முதல் 4 மீட்டருக்கு ஒரு வெட்டு, ஆழம் தடிமனில் நான்கில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை. கான்கிரீட் இறுகியதும், பொதுவாக ஒரு நாளுக்குள் வெட்ட வேண்டும். "மெஷின் நாளன்னிக்கு வரும் சார்" என்றால், அதற்குள் விரிசல் தன் வழியில் போய்விடும். சுவரையும் மேன்ஹோலையும் தொடும் இடங்களில் பலகை ஒட்டாமல் தனி இடைவெளி வேண்டும்.

"கம்பி போடவில்லையே?" என்று சிலர் கவலைப்பட்டார்கள். சாதாரண கான்கிரீட் ரோட்டின் பலம் தடிமனிலும் தரத்திலும் இருக்கிறது. கம்பி இல்லாதது குறையல்ல. வெட்டு இல்லாததுதான் குறை.

அடுத்தது தண்ணீர் விட்டு ஆற்றுவது. ஈரச் சாக்கு போட்டோ பாத்தி கட்டியோ 14 நாள் ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும். 28 நாளுக்கு வண்டி விடக்கூடாது. இந்த 28 நாளில் சோதனை நம் வீட்டு வாசலில்தான் இருக்கிறது. இரண்டாம் கட்டத்துக்குக் குடிவரும் குடும்பங்கள் கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்துவிட்டு, மாடுலர் கிச்சன் லாரியைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். அவர்களிடம் இப்போதே பேசி மாற்று வழி ஏற்பாடு செய்ய வேண்டியது நம் பொறுப்பு.

தண்ணீர் போகும் வழி, மரம் நிற்கும் இடம்

ரோட்டின் நடுவிலிருந்து ஓரத்துக்கு 2 சதவீதம் சரிவு வேண்டும். 5.5 மீட்டர் ரோட்டில் நடுப்பகுதி ஓரத்தைவிட ஐந்தரை சென்டிமீட்டர் உயரமாக இருக்கும். இரண்டு பேர் நூல் பிடித்தால் அளந்துவிடலாம். ரோட்டின் மட்டம் நம் பேஸ்மென்ட் ரேம்ப் வாசலைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் கார் பார்க்கிங் குளமாகுமா இல்லையா என்பது இந்த ஒரு அளவில் இருக்கிறது. பழைய ரோட்டின் மேலேயே போட்டுப் போட்டு வீடுகள் பள்ளத்தில் இறங்கியதால்தான், சுரண்டி எடுத்துவிட்டுப் புது ரோடு போட வேண்டும் என்று 2021இல் அரசே உத்தரவிட வேண்டியிருந்தது.

கான்கிரீட் தண்ணீரைக் கீழே விடாது. ஆகவே மழைநீர் சேகரிப்புக் குழிகளுக்குப் போகும் வழி திறந்திருக்கட்டும். மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் மண்ணாகவே விட வேண்டும். டெல்லி மரங்களுக்காக தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் சொன்ன அளவு அது. நம் வேப்ப மரங்களுக்கும் அது பொருந்தும்.

சட்டம் நம் கையில் தருவது

2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், நாம் ரெரா என்று சொல்வது, மூன்று விஷயங்களில் நமக்கு உதவுகிறது. பிரிவு 19இன்படி, ஒப்புதல் பெற்ற வரைபடத்தையும் அதன் விவரக் குறிப்புகளையும் கேட்டுப் பெறுவது வாங்கியவரின் உரிமை. பிரிவு 11இன்படி, சங்கம் பராமரிப்பை ஏற்கும் வரை அத்தியாவசிய வசதிகளைப் பராமரிக்கும் பொறுப்பு பில்டருடையது. அதற்கு நியாயமான கட்டணம் வாங்கலாம். ஆகவே நமக்கு அவசரமில்லை, அவசரம் அவர்களுக்குத்தான். பிரிவு 14(3)இன்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் கட்டுமானத்திலோ வேலைத் தரத்திலோ குறை தெரிந்து நாம் சொன்னால், 30 நாளுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்ய வேண்டும்.

சொல்வது என்றால் வாட்ஸ்அப்பில் கோபப்படுவது அல்ல. தேதி போட்ட கடிதம், தேதி தெரியும் புகைப்படம், பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து. இந்த மூன்றும் ஒரு ஃபைலில் இருக்க வேண்டும்.

உங்களில் சிலர் பிள்ளைகளுக்காக லேஅவுட்டில் மனை வாங்கியிருக்கிறீர்கள். அங்கே கதை வேறு. லேஅவுட் சாலைகள் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்குப் போய்விடும். அந்தப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள். இங்கே உள் சாலைகள் நம்முடையவை. மாநகராட்சி வந்து போட்டுத் தராது.

இன்று நிறைவேற்ற வேண்டிய தீர்மானம்

ஐந்து அம்சங்களை முன்வைக்கிறேன்.

1. ரோட்டின் குறுக்குவெட்டு வரைபடம், தடிமன், கான்கிரீட் தரம், மட்டம் ஆகியவற்றை எழுத்து மூலம் பில்டரிடம் கேட்பது.

2. கான்கிரீட் கொட்டுவதற்கு முன், மண் இறுக்கச் சோதனை அறிக்கையைப் பெற்று, நம் செலவில் ஒரு சுதந்திரமான சிவில் இன்ஜினியரை வைத்துப் பார்ப்பது.

3. கொட்டும் நாளில் இரண்டு உறுப்பினர்கள் உடனிருப்பது. சலான் நகல்கள், 7 நாள், 28 நாள் கட்டிச் சோதனை முடிவுகள் சங்கத்தின் ஃபைலுக்கு வர வேண்டும். 150 மி.மீ. கட்டிகளில் நம் முன்னால் குறியிட வேண்டும்.

4. சந்தேகம் வந்தால் ரோட்டிலிருந்தே உருளைத் துண்டு எடுத்துச் சோதிப்பது. தரம், தடிமன் இரண்டும் அதில் தெரிந்துவிடும்.

5. ஒரு மழைக்காலம் கடந்து, குறைப் பட்டியல் தீர்ந்த பிறகே ஒப்படைப்புக் கடிதத்தில் கையெழுத்து.

இன்ஜினியருக்குக் கொடுக்கும் கட்டணம் வீண் செலவு என்று தோன்றலாம். அதை நம் வீடுகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். ஒரு மாதப் பராமரிப்புத் தொகையில் சிறு பகுதிதான் வரும். உடைந்த ரோட்டைப் பெயர்த்தெடுத்துப் புதிதாகப் போடும் செலவை அதே எண்ணிக்கையால் வகுத்தால், வருவது சிறப்பு வசூல். ஓய்வூதியத்தில் குடித்தனம் நடத்தும் என்னைப் போன்றவர்களுக்கு இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

பில்டரோடு சண்டை போடச் சொல்லவில்லை. சரியாகப் போடுகிறவருக்கு இந்தக் காகிதங்களைக் கொடுப்பதில் ஒரு கஷ்டமும் இல்லை. தீர்மானத்தை ஆதரிப்பவர்கள் கை உயர்த்தும்படி தலைவர் கேட்பார்.