சத்தம் போடாத ஃபேன்

செஞ்சிக் கோட்டையின் கருங்கல் மலைகள் பகலெல்லாம் வெயிலை வாங்கி, பொழுது சாய்ந்த பிறகும் அனலடிக்கும். பக்கத்து வல்லத்தில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களைக் கேளுங்கள். சித்திரை பிறந்தால் பெட்டிக்குள் ஃபேன் 'கிர்ர்' என்று அலறும்.

இடமிருந்தால் 80 மில்லிமீட்டர் ஃபேனைக் கழற்றிவிட்டு 120 மில்லிமீட்டர் போடுங்கள். பெரிய இறக்கை மெதுவாகச் சுற்றியே அதே காற்றைத் தள்ளிவிடும். ஒரே ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகும்; சத்தமோ ஏறக்குறைய 15 டெசிபல் இறங்கும். நான்கு முள் இணைப்பு உள்ளதென்றால் சூட்டுக்குத் தக்கபடி வேகம் தானே மாறும். கலர் விளக்கு மினுக்குவதெல்லாம் அழகுக்குத்தான்!

எந்த ஃபேனும் அறைச் சூட்டுக்குக் கீழே பெட்டியைக் குளிர்விக்காது. ஆகவே உள்ளே சூடான காற்று தேங்காமல் வெளியேற, சுவரோடு ஒட்டிய பெட்டியை இன்றே ஒரு சாண் முன்னால் இழுங்கள். தூசி ஊதும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.