சோலையைக் காத்தால் மின்சாரம் நிலைக்கும்



நம் கோவையைத் தொழில் நகரமாக வளர்த்ததில் பைக்காரா ஆற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. 1932-இல் நீலகிரியில் அந்த ஆற்று நீரால் சிங்காரா மின்நிலையம் ஓடத் தொடங்கியது. 900 மீட்டருக்கும் மேலான உயரத்திலிருந்து இரும்புக் குழாய்களில் சீறி இறங்கிய தண்ணீர் பெல்டன் சக்கரங்களைச் சுழற்றியது. அந்த மின்சாரம் கோவைக்கு வந்தது, மில்கள் பெருகின, மாடு பூட்டிக் கவலை இறைத்த கிணற்றுமேடுகளில் மோட்டார்கள் ஏறின.

இதற்காகக் கரி எரிந்ததா? இல்லை. சாம்பல் குவிந்ததா? இல்லை. தண்ணீராவது தீர்ந்ததா? அதுவும் இல்லை! சிங்காராவில் உழைத்த அதே தண்ணீர், 1952 முதல் மாயாறு மின்நிலையத்திலும் உழைக்கிறது. பிறகு பவானிசாகர் சேர்ந்து வயலுக்கும் பாய்கிறது.

இன்று நம்மிடம் காற்றாலைகள் உண்டு, சூரியத் தகடுகள் உண்டு. ஆனால் பொழுது சாய்ந்தால் வெயில் இல்லை. பருவம் போனால் காற்று இல்லை. வீடுதோறும் விளக்கெரியும் அந்த மாலை நேரத்தில் சட்டென்று கைகொடுப்பது தண்ணீர்தான். ஆனைமலையின் கடம்பாறை நிலையத்தைப் பாருங்கள். மின்சாரம் மிஞ்சும் வேளையில் கீழே உள்ள மேல் ஆழியாறு நீர்த்தேக்கத்திலிருந்து தண்ணீரை மலைக்கு ஏற்றுகிறார்கள். தேவை கூடும்போது அதையே இறக்கி 400 மெகாவாட் வரை எடுக்கிறார்கள்.

அதற்காக மலையெங்கும் அணை கட்டுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அணைகள் மூழ்கடித்த காடும் நம் கணக்கில் இருக்கிறது. இருக்கிற நிலையங்களுக்கு நீர் வற்றாமல் காப்பதே நம் முதல் கடமை.

பைக்காரா பிறப்பது முக்கூர்த்தியில். அங்குள்ள சோலைகளும் புல்வெளிகளும் தென்மேற்குப் பருவமழையை மண்ணுக்குள் வாங்கி, கோடையிலும் ஓடைகளுக்குக் கசியவிடுகின்றன. அந்தப் புல்வெளிகளில்தான் அந்நிய மரங்களான சீகையையும் (வாட்டில்) கற்பூர மரத்தையும் (யூகலிப்டஸ்) நட்டார்கள். கற்பூரத் தோப்புகள் ஓடைநீரைக் குறைக்கின்றன என்பதை நீலகிரியிலேயே, கிளென்மார்கனில் நடந்த நீண்டகால ஆய்வு காட்டிவிட்டது. ஓடை மெலிந்தால் குழாயில் எது இறங்கும்? சக்கரம் எதனால் சுழலும்?

ஆகவே இந்த அவையை வேண்டுகிறேன். அந்நிய மரங்களை அகற்றிப் புல்வெளிகளை மீட்கும் செலவை மின்நிலையப் பராமரிப்புச் செலவாகவே அரசு ஏற்க வேண்டும். மலையை அறிந்த தோடர்களையும் மற்ற மலைமக்களையும் கலந்தாலோசித்து அந்த வேலை நடக்க வேண்டும். இதை இன்றே தீர்மானமாக நிறைவேற்றுங்கள். பைக்காரா தந்த வெளிச்சத்தில் வளர்ந்த கோவைக்கு, இந்தக் கோரிக்கையை முதலில் எழுப்பும் கடமை இருக்கிறது.