முகாமும் உழவுசாலும்



வேலையற்ற இளைஞர்களை இயற்கைவளப் பாதுகாப்புப் பணியில் அமர்த்திய அமெரிக்காவின் ‘சிவிலியன் கன்சர்வேஷன் கோர்’, சுருக்கமாக சி.சி.சி., பற்றி யார் எழுதினாலும் முதலில் கணக்குத்தான் வந்து நிற்கும். பெருமந்தத்தின் நடுவே, 1933 மார்ச் 31 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் அதற்கான சட்டத்தில் கையெழுத்திட்டார். ஏப்ரல் 17 அன்று வர்ஜீனியாவில் முதல் முகாம் தொடங்கிவிட்டது. 1942க்குள் 25 லட்சத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் இத்தகைய முகாம்களில் வேலை பார்த்தார்கள். சம்பளம் மாதம் 30 டாலர். அதில் 25 டாலர் வீட்டுக்குப் போய்விடும். கணக்கெல்லாம் சரிதான். அந்தப் பையன்கள் மண்வெட்டியோடு இறங்கிய நிலம் யாருடையது என்று நாம் போதிய அளவு கேட்கவில்லை என்பதுதான் என் குறை.

காட்டு முகாம்கள் பெரும்பாலும் அரசு நிலத்தில் இருந்தன; அங்கே இந்தக் கேள்விக்கு வேலையில்லை. மண் அரிப்பைத் தடுக்க உழவர்களின் சொந்த வயல்களுக்குப் போன முகாம்களின் கதை வேறு. விஸ்கான்சினின் கூன் பள்ளத்தாக்கையே எடுத்துக்கொள்வோம். ஹியூ பென்னட் தலைமையில் அமைந்த மண் அரிப்புத் துறை 1933இல் தன் முதல் நீர்ப்பிடிப்புத் திட்டத்தை அங்கேதான் தொடங்கியது. நார்வேயிலிருந்து வந்து குடியேறியோரின் வழிவந்த குடும்பங்கள் நிறைந்த பகுதி. சதுரம் சதுரமாக அளந்து கொடுத்த வயலில் சரிவின் போக்கிலேயே மேலும் கீழுமாக உழுதார்கள். மழை பிடித்தால் உழவுசால் ஒவ்வொன்றும் வாய்க்காலாகும். நாளடைவில் ஆளையே மறைக்கும் பள்ளமாகும். மேல்மண் ஆற்றோடு போகும்.

தலைமுறையாக நேராக உழுதவரிடம் அதிகாரி வந்து குறுக்கே உழச் சொன்னால் கேட்பாரா? அதனால் உழவரோடு ஐந்தாண்டு ஒப்பந்தம் போட்டார்கள். உழவர் சம உயரக் கோட்டில் உழ வேண்டும். மக்காச்சோளத்துக்கும் தானியத்துக்கும் இடையே குதிரைமசாலைப் பட்டை பட்டையாக விதைக்க வேண்டும். செங்குத்துச் சரிவில் மாடு மேய்க்கக் கூடாது. பதிலுக்கு விதை, சுண்ணாம்பு, வேலிக்கம்பி, எல்லாவற்றுக்கும் மேலாக ஆள். வயல் வளைந்தால் வேலியும் வளைய வேண்டும். பழைய கம்பங்களைப் பிடுங்கிப் புதிய கோட்டில் நட வேண்டும். மந்தக் காலத்தில் எந்த உழவரால் அதற்குக் கூலி கொடுக்க முடியும்? முகாம் பையன்களின் உழைப்புதான் அந்த ஒப்பந்தத்துக்கு அரசு கொடுத்த முன்பணம்.

இதைப் பொற்காலமாக்கிவிட வேண்டாம். இனம், நிறம் பார்க்கக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதியிருந்தும் கறுப்பின இளைஞர்களைத் தனி முகாம்களில் வைத்தார்கள். அமெரிக்காவின் தெற்கே மண்ணைப் பிடிக்கவென்று பரப்பிய குட்ஸு கொடி, பின்னாளில் மரங்களையே மூடும் களையாயிற்று (பென்னட்டின் துறையே நாற்றங்காலில் வளர்த்துக் கொடுத்த கொடி!). அந்தத் தெற்கில் ஏர் பிடித்தவர்களில் பலர் வாரக்குடிகள். அடுத்த ஆண்டு அதே நிலத்தில் இருப்போமா என்றே தெரியாதவருக்கு ஐந்தாண்டுத் திட்டத்தில் என்ன அக்கறை இருக்க முடியும்? இதைப் பற்றிய கட்டுரைகள் நம்மிடம் குறைவு.

1942இல் முகாம்கள் மூடப்பட்டன. உழவருக்குக் கிடைத்த இலவச உழைப்பும் நின்றது. ஆனால் 1937இல் வட கரோலைனாவில், பென்னட் பிறந்த ஆன்சன் கவுண்டியில் தொடங்கிய உழவர்களின் மண்வளப் பாதுகாப்பு மாவட்ட அமைப்பு நாடெங்கும் பரவி நிலைத்தது. அதே பள்ளத்தாக்கின் கூன் ஓடையில் பல பத்தாண்டுகள் வண்டலை அளந்த புவியியலாளர் ஸ்டான்லி டிரிம்பிள், படிவு வெகுவாகக் குறைந்ததைக் காட்டினார். அந்தக் குறைவில் பையன்கள் கட்டிய தடுப்பணைகளுக்கு எவ்வளவு பங்கு, முகாம் போன பிறகும் உழவர் விடாமல் வளைத்து உழுததற்கு எவ்வளவு பங்கு? தொழிலாளர் வரலாறு படித்தவர்களும் மண்ணியல் படித்தவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து வாதாட வேண்டிய கேள்வி இது. நம் கருத்தரங்கின் முதல் அமர்வை அதிலிருந்தே தொடங்கலாம்.