புத்தகத்தை மூடச் சொல்லுங்கள்

(ஜார்ஜ் டவுன் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்நாட்டில் தமிழ்க் கல்வி 1816இல் கால்வைத்த ஊர் இது. இங்கே நின்று பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசுவது பொருத்தமே.

சம்பள நாளில் ஆபீசு வாசலுக்கு வரும் தாய்மார்கள் நம்மிடம் சம்பளக் கணக்கு மட்டும் கேட்பதில்லை. "கிராணி ஐயா, பையன் ராத்திரியெல்லாம் வாசிக்கிறான். பரீட்சையில் ஒன்றும் ஞாபகம் வரவில்லையாம். நானோ கைநாட்டு. என்ன சொல்லிக் கொடுப்பேன்?" என்கிறார்கள்.

பையன் சோம்பேறியல்ல, படிக்கும் முறைதான் பழுது. ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தால் எழுத்து கண்ணுக்குப் பழகிவிடுகிறது. பழகியதைத் தெரிந்ததென்று மனம் நம்பிவிடுகிறது. அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்னும் இருவர் 2006இல் வெளியிட்ட ஆய்வைக் கேளுங்கள். கல்லூரி மாணவரை ஒரு பகுதியை இருமுறை வாசிக்க வைத்தனர். இன்னொரு பகுதியை ஒருமுறை வாசித்தபின், தாளைப் பாராமல் நினைவிலிருந்து எழுத வைத்தனர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இருமுறை வாசித்ததே முன்னே நின்றது. ஒரு வாரம் கழித்தோ, வாசித்ததில் 42 விழுக்காடும் எழுதிப் பார்த்ததில் 56 விழுக்காடும் மிஞ்சின. பரீட்சை ஐந்து நிமிடத்தில் வருவதில்லை, தோழர்களே!

இது நமக்குப் புதிதா? திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை முன் நின்று நம் பாட்டன்மார் முறை சொன்னது இதுதானே! கேட்டதை நினைத்துப் பார், உடன் படிப்பவரோடு பயில், வினாவு, வினாவினால் விடை சொல் என்று பவணந்தியார் நன்னூலிலேயே வகுத்து வைத்தார். 1789 முதல் சென்னை எழும்பூரில் அனாதைச் சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், நம் நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு, பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வைத்தார். 'மதராஸ் முறை' என்று இங்கிலாந்துப் பள்ளிகள் அதை ஏற்றன. நாமோ அதைக் கைவிட்டுவிட்டு, டியூஷனுக்குக் கடன் வாங்குகிறோம்.

கைநாட்டாக இருந்தால் என்ன, தாயே? மாலையில் புத்தகத்தை வாங்கி மடியில் மூடி வைத்துக்கொள்ளுங்கள். "இன்றைக்கு வாத்தியார் என்ன சொன்னார்? எனக்குப் புரியும்படி சொல்" என்று கேளுங்கள். தடுமாறினால் உடனே புத்தகத்தை நீட்டாதீர்கள்; சற்று யோசிக்க விடுங்கள். சரியா தவறா என்று நீங்கள் தீர்ப்புக் கூற வேண்டாம். பிறகு அவனே திறந்து பார்த்துத் திருத்தட்டும். அதில் மட்டும் கண்டிப்பாயிருங்கள். திருத்தாத தவறு மனத்தில் ஊறிவிடும். கணக்குக்கு வாய்ச்சொல் போதாது. விடையை மறைத்து மறுபடி போட வேண்டும்.

அதே பாடத்தை மறுநாள் கேளுங்கள். பின் மூன்று நாள் விட்டு, பின் ஒரு வாரம் விட்டுக் கேளுங்கள். மரம் வெட்டும் நமக்கு இதை விளக்க வேண்டுமா? ஒரே நாளில் பத்துமுறை வெட்டினால் பத்து மங்குப் பால் வராது, பட்டைதான் பாழாகும். விடிய விடிய விழிக்கவும் விடாதீர்கள். தூக்கமில்லாத கை எப்படி வெட்டும் என்பது உங்களுக்கே தெரியும்.

நாமும் பட்டுத் தெளிந்தவர்தாம். கிராணித் தேர்வுக்குச் சிவப்பு மையில் கோடு போட்டுப் போட்டு வாசித்து முதல் முறை தோற்றோம். மறுமுறை, பக்கத்து வீட்டுத் தம்பியை அஞ்சடியில் உட்கார வைத்து, அவனுக்குச் சொல்லிக் கொடுத்தே தேறினோம். அவன் பாதி நேரம் தூங்கினான் என்பது வேறு கதை.

கிளைகளுக்கு ஒரு வேண்டுகோள். வாரம் ஒரு மாலை சங்க மண்டபத்தைத் திறந்து விடுங்கள். பெரிய பிள்ளைகள் சின்னவர்களுக்குப் பாடம் சொல்லட்டும். விளக்குக்கும் பாய்க்கும் ஆகும் செலவைக் கிளை ஏற்கட்டும். எஸ்.பி.எம். எழுதும் பிள்ளைகளின் பெயர்களை இன்று வீடு திரும்புமுன் கிளைச் செயலாளரிடம் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள்.