இளைஞனுக்கு ஒரு சவரக்கத்தி



பரிசு வழங்குவோர் பெரும்பாலும் தம் கண்ணுக்கு அழகாகத் தோன்றுவதையே தேர்ந்தெடுக்கின்றனர். பேனாவோ பூச்சாடியோ ஆனால் இப்பழக்கத்தால் பெருந்தீங்கு எதுவும் நேர்வதில்லை. பெற்றவர் அதனை அலுமாரியில் வைத்து மறந்துவிடுவார். சவரக்கத்தி அத்தகைய பொருளன்று. அதனைப் பெறும் இளைஞன் மறுநாட் காலையிலேயே அதனைத் தன் கழுத்திலே வைத்துப் பார்க்கப் போகிறான்.

மாமனார் ஒருவர் தம் மருமகன் பட்டம் பெற்றதை முன்னிட்டுப் பழைய முறையான மடக்குச் சவரக்கத்தி ஒன்றைப் பரிசளிக்க எண்ணுகிறார் என்று கொள்வோம். கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள்ளே சிப்பி பதித்த பிடியும், அலகிலே பொன்முலாம் எழுத்துகளும் கொண்ட கத்தியொன்று மின்னுகிறது. அவர் பிடியைத் தடவிப் பார்க்கிறார், விலையைப் பேசுகிறார், வாங்கிவிடுகிறார். அலகின் வாயை அவர் பார்க்கவேயில்லை. மறுநாள் மருமகனின் கன்னத்திலே அக்கத்தி உரோமத்தை வெட்டாது பிடுங்குகிறது. தோல் எரிகிறது, இரண்டொரு துளி இரத்தமும் கசிகிறது. குற்றம் கத்தியினது என்று அவன் அறியான். தன் கைக்கே இது வராது என்று எண்ணுகிறான். மாமனார் கேட்கும்போது, “நல்லாயிருக்கு மாமா” என்று சொல்லிவிட்டு, கத்தியைப் பெட்டியின் அடியிலே வைத்துவிடுகிறான். அன்புடன் கொடுத்த பொருள் இருவருக்கிடையே ஒரு சிறு பொய்யை உண்டாக்கிவிட்டது. இந்நிலை நேராதிருக்க வழி யாது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

மடக்குக் கத்தி ஏறக்குறைய எல்லா வீடுகளையும் விட்டு நீங்கிப் பல ஆண்டுகளாயின. அமெரிக்கரான ஜில்லெற் 1903ஆம் ஆண்டிலே தமது பாதுகாப்புச் சவரக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அவ்வாண்டில் விலைப்பட்டவை 51 கருவிகளும் 168 பிளேடுகளுமே. ஆயினும் முதலாம் உலகப் போரிலே அமெரிக்கப் படைவீரர்க்கு அக்கருவி வழங்கப்பட்டபின், ஓர் இளந்தலைமுறையே அதற்குப் பழகிவிட்டது. இவ்வாறிருக்க, இன்று மடக்குக் கத்தியை நாடுவோர் ஏன் நாடுகின்றனர்? ஒருமுறை வாங்கிய நல்ல கத்தி ஆயுட்காலம் முழுவதும் உழைக்கும். எறிய வேண்டிய பிளேடு அதில் இல்லை. காலையிலே கால் மணி நேரம் ஒரே செயலில் மனத்தை நிறுத்தும் பழக்கத்தையும் அது தருகிறது.

கத்தியின் உயிர் அதன் உருக்கிலே உள்ளது. இங்கிலாந்திலே மணிக்கூடு செய்பவராக இருந்த பெஞ்சமின் ஹன்ற்ஸ்மன் என்பவர், மணிக்கூட்டு வில்லுக்கு நல்ல உருக்குத் தேடியவராய், 1740களிலே மூசையில் இட்டு உருக்கும் முறையை ஷெபீல்ட் நகரையடுத்து நடைமுறைக்குக் கொண்டுவந்தார். ஷெபீல்ட் சவரக்கத்தியின் பெரும்புகழுக்கு அவ்வுருக்கு அடிப்படையாயிற்று. மூசையில் உருக்குச் செய்யும் கலையோ தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் அதற்கு நெடுங்காலம் முன்னரே வழங்கியது. பலாங்கொடைக்கு அணித்தான சமனலவெவப் பகுதியில், பருவக்காற்றின் விசையைக் கொண்டே இரும்புலைகளை எரித்த பண்டைத் தொழில்நுட்பம் ஒன்று இருந்ததை ஜில் ஜூலெஃப் என்னும் ஆய்வாளர் 1996ஆம் ஆண்டிலே உலகுக்கு எடுத்துக் காட்டினார். தென்னிந்தியாவின் ‘வூட்ஸ்’ உருக்கை ஆராய்ந்த இலண்டன் கத்தித் தொழிலாளர் ஜேம்ஸ் ஸ்ரோடாட், விஞ்ஞானி மைக்கல் பரடேயுடன் சேர்ந்து 1820ஆம் ஆண்டை அடுத்துக் கலப்புருக்குகள் பலவற்றைச் செய்து பார்த்தார். அவ்வாறு கண்ட கலப்புருக்கு ஒன்றினாற் செய்த சவரக்கத்திகளைப் பரடே தம் நண்பர்களுக்குப் பரிசாக வழங்கி வந்தார். மின்னியலின் தந்தையெனப் போற்றப்படும் பெரியாரும் சவரக்கத்தியைத் தக்க பரிசென்று கருதியமை இங்கு நினைக்கத்தக்கது.

இனித் தேர்வு செய்யும் முறையை நோக்குவோம். முதலாவது, அலகின் அகலம். அங்குலத்தை எட்டாகப் பகுத்து அதனைக் கணக்கிடுவது வழக்கம். எட்டில் நாலு பங்கு அகலமுள்ளது மிகச் சிறியது. ஏழு பங்குள்ளது பாரமானது. தொடக்கக்காரனுக்கு எட்டில் ஐந்து பங்கு, அதாவது ஏறக்குறைய 16 மில்லிமீற்றர் அகலமே ஏற்றது. ஆறு பங்கும் பொருந்தும். மூக்கின் கீழே திருப்புவதற்கு எளிதாகவும், கையிலே நிலையாகவும் இருப்பது இவ்வளவே.

இரண்டாவது, அலகின் நுனி. சதுரமாக வெட்டிய கூர்நுனி மீசையோரத்தைச் செதுக்க உதவும். ஆனால் பழகாத கையில் அது காதையும் உதட்டையும் கீறிவிடும். வளைந்த நுனியுள்ள கத்தியைத் தேர்ந்தால் முதல் மாதத்துக் காயங்களிற் பல நேரா.

மூன்றாவது, அலகின் பக்கங்கள் தேய்க்கப்பட்ட விதம். ஆப்பைப்போல் முதுகிலிருந்து வாய்வரை நேராகச் சரியும் கத்தி கனமானது. சாணைக்கல்லிலே அதன் பக்கம் முழுவதும் படிவதால் தீட்டுவதும் கடினம். இருபுறமும் குழிவாகத் தேய்த்த கத்தியிலோ முதுகும் வாயும் மட்டுமே கல்லிற் படியும். முதுகே கோணத்தைக் காத்துத் தருவதால் தீட்டுபவர் கோணம் பிழைப்பதில்லை. தொடக்கக்காரனுக்கு அரைக்குழிவோ முழுக்குழிவோ கொள்க.

கரி மிகுந்த உருக்கு எளிதில் தீட்டப்படும், ஆனால் துருப்பிடிக்கும். துருவேறா உருக்குக் கல்லிலே அதிக உழைப்பைக் கேட்கும். கடலோரத்தில் வாழ்பவனுக்கும், துடைக்க மறக்கும் இயல்புள்ளவனுக்கும் பின்னது நன்று. பிடியைப் பற்றி அதிகம் ஆராய வேண்டுவதில்லை. கொம்பும் மரமும் அழகுடையன. ஆயினும் ஈரத்திலே வளையக்கூடும். எளிய பிளாஸ்ரிக் பிடி எக்குறையும் வையாது.

புதியதா, பழையதா என்பது அடுத்த வினா. ஜேர்மனியின் சொலிங்கன் நகரும் பிரான்சின் தியேர் நகரும் இன்றும் சவரக்கத்தி செய்கின்றன. ஷெபீல்டிலே அத்தொழில் பெரிதும் அருகிவிட்டது. சொலிங்கன் என்னும் பெயருக்கே 1938இல் ஜேர்மனி சட்டக்காப்பு அளித்தது. முக்கியமான வேலைகள் அந்நகர்ப் பகுதியிலே நடந்தாலன்றி அப்பெயரைப் பொறித்தலாகாது. பெயரும் ஊரும் இல்லாது மலிவு விலைக்கு வரும் புதுக்கத்திகள் பலவற்றிலே உருக்குச் சரியாகப் பதமேற்றப்படாமல் இருக்கும். எவ்வளவு தீட்டினும் வாய் நிற்காது. அவற்றிலும் நூறாண்டு பழைய ஷெபீல்ட் கத்தி மேலானது. ஆனால் பழையதை வாங்குவோர் வெளிச்சத்திலே பிடித்துப் பார்த்தல் வேண்டும். வாயிலே முறிவோ வெடிப்போ உண்டா? வாயையொட்டித் துரு அரித்த குழிகள் உண்டா? முதுகு ஓரிடத்தில் மட்டும் தேய்ந்துள்ளதா? அலகு முறுக்கியிருக்கிறதா? இவற்றுள் ஒன்றிருப்பினும் விட்டுவிடுதலே அறிவு. முதுகருகே உள்ள கறை கெடுதியன்று. பழைய செலுலோயிட் பிடிகள் சிதையும்போது வெளிவிடும் ஆவி அலகையே அரித்துவிடும் என்பதும், யானைத்தந்தப் பிடியுள்ளவற்றை நாடு கடத்துவதற்குச் சட்டத்தடை உண்டு என்பதும் நினைவிலிருக்கட்டும்.

இவை யாவற்றிலும் முதன்மையானது ஒன்றுண்டு. கடையிலிருந்து வரும் கத்தி, புதியதாயினும், பெரும்பாலும் முகத்தில் வைப்பதற்கு ஆயத்தமானதன்று. தொழிற்சாலை தரும் கூர்மை காகிதத்தை வெட்டும், தாடியை வெட்டாது. தேர்ந்த ஒருவர் அதனைக் கரடான கல்லிலே தொடங்கிப் படிப்படியாக மிக நுண்ணிய கல்வரை தீட்டித் தரவேண்டும். தலையிலிருந்து எடுத்த ஒற்றை உரோமத்தை வாயின்மீது தொட்டவுடனே அது அறுந்து விழுமாயின், கத்தி ஆயத்தமாகிவிட்டது எனலாம். கத்தி வாங்கும் மாமனார் முதலிற் கேட்கவேண்டிய கேள்வி, “இது தீட்டப்பட்டதா? தீட்டியவர் யார்?” என்பதே.

கத்தியோடு தோல்வாரும் கொடுக்கப்படல் வேண்டும். கல் சில மாதங்களுக்கொருமுறை போதும். வார் ஒவ்வொரு சவரத்துக்கு முன்னரும் தேவை. துணிப்பக்கத்தில் இருபது முறையளவும் தோற்பக்கத்தில் நாற்பது ஐம்பது முறையளவும், முதுகு முன்செல்ல வாய் பின்தொடரும்படி இழுத்தல் முறை. திருப்பும்போது முதுகின்மேலே புரட்டவேண்டும். வாயின்மேலே புரட்டினால் தோலும் வெட்டுண்ணும், கூர்மையும் போகும். தொடக்கக்காரர் ஏறக்குறைய எல்லாருமே முதல் வாரை வெட்டிவிடுகின்றனர். ஆதலால் முதல் வார் விலையுயர்ந்ததாக இருக்கவேண்டியதில்லை. கையிலுள்ள பணத்திலே பிடியின் அழகுக்குச் செலவிட எண்ணிய பங்கை, தீட்டுகூலிக்கும் வாருக்கும் தூரிகைக்கும் நல்ல சவர்க்காரத்துக்கும் மாற்றிவிடுவதே சிறந்த கணக்கு.

இன்னும் ஒன்று கடையில் விற்பதில்லை, அதுதான் கற்பித்தல். 1769ஆம் ஆண்டிலே பாரிஸ் நகரத்துக் கத்தித் தொழிலாளர் ஜான் ஜாக் பெரே என்பவர், தமக்குத் தாமே சவரஞ் செய்யக் கற்கும் கலையைப் பற்றி ஒரு நூலையே எழுதி வெளியிட்டார். கண்டு கற்பது நூலினும் நன்று. நம் ஊர்ச் சலூன்களிலே நோய்த்தொற்றைத் தவிர்க்கும்பொருட்டு இப்போது பிளேடு மாற்றும் கத்தியே வழங்குகிறது. ஆயினும் தோல்வாரிலே கத்தி பிடித்துப் பழகிய முதிய சிகையலங்கரிப்பாளர் இன்னும் இருக்கின்றனர். கையிலே எத்தனையோ முகங்களின் அறிவைச் சுமந்தவர்கள் அவர்கள். அவர்களின் குலத்தினர் முன்னாளில் வைத்தியமும் பார்த்தனர். மருத்துவர் என்ற பெயரும் அதனால் வழங்கியது. அவ்வாறிருந்தும், யாழ்ப்பாணக் குடாநாட்டிலே அவர்களைக் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்திய காலம் ஒன்றிருந்தது. தன் கழுத்தை நம்பி ஒப்படைத்தவரே அக்கைக்குரியவனைத் தாழ்ந்தவன் என்றது எத்துணை முரண்! மருமகனை அத்தகைய பெரியவரிடம் அழைத்துச் சென்று, “ஐயா, இவனுக்குக் கத்தி பிடிக்கக் காட்டித் தரவேணும்” என்று மாமனார் மரியாதையோடு கேட்பாராயின், இளைஞன் அன்று சவரத்தோடு வேறொன்றையும் கற்றுக்கொள்வான்.

அவர் காட்டித்தருபவை எளியவை. வெந்நீராலும் நுரையாலும் தாடியை நன்கு மென்மையாக்குதல். ஒரு கையால் தோலை இழுத்துப் பிடித்தல். முகத்தோடு ஏறக்குறைய 30 பாகைக் கோணத்தில் அலகை வைத்தல். அழுத்தாமலும் பக்கவாட்டில் இழுக்காமலும் உரோமம் வளரும் திசையிலே செலுத்துதல். முதல் இரண்டு வாரம் கன்னங்களை மட்டும் சவரஞ் செய்து, எஞ்சியதை வழமையான கருவியால் முடிக்கலாம். நாடியும் கழுத்தும் பின்னர் வரட்டும். கை நழுவி விழும் கத்தியைப் பிடிக்க முயலாமை மிக முக்கியமான பாடம். கத்தியை இன்னொருவரோடு பகிர்தலும் கூடாது. ஈரல் அழற்சி போன்ற நோய்கள் இரத்தத்தின் வழியே பரவக்கூடும். பழைய கத்தியை முதலிலே நன்கு கிருமிநீக்கம் செய்யவேண்டும். சவரம் முடிந்ததும் துடைத்து, உலர்த்தி, மெல்லிய இயந்திர எண்ணெய் துளியளவு பூசி, குளியலறைக்கு வெளியே சிறுவர் கைக்கெட்டாத இடத்தில் வைத்தல் வேண்டும்.

கத்தியைப் பரிசளித்தால் நட்பு அறுபடும் என்ற அச்சம் ஐரோப்பியரிடையே உண்டு. அதனால் பெறுபவர் ஒரு சிறு நாணயத்தைக் கொடுத்து, அதனை வாங்கிய பொருளாக்கிக் கொள்வர். மருமகனிடம் மாமனார் நாணயம் கேட்கவேண்டியதில்லை. ஒரு வாரஞ் சென்றபின், “கத்தி எப்படி? பிடுங்குதோ? உண்மையைச் சொல்லு, திரும்பத் தீட்டுவிக்கலாம்” என்று கேட்டால் போதும். அப்போது அவன் பெட்டியின் அடியிலிருந்து எதையும் மறைத்தெடுக்க வேண்டியிராது.