அடிபட்ட பறவையும் பேகன் போர்வையும்



கடையெழு வள்ளல்களைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். அவர்களுள் அதியமான், நம் தருமபுரியாகிய அன்றைய தகடூரின் மன்னன். மற்றொருவன் பேகன், குளிரால் நடுங்குகிறது என்றெண்ணி மயிலுக்குத் தன் போர்வையை ஈந்தவன். மயிலுக்குப் போர்வை எதற்கு என்று வகுப்பில் மாணவர் நகைப்பதுண்டு; நானும் உடன் நகைத்திருக்கிறேன். இன்று நகைக்க மாட்டேன்.

ஏறத்தாழ 35 ஆண்டுகளுக்கு முன், பென்னாகரம் வட்டத்துப் பள்ளி ஒன்றில் நான் பணியாற்றியபோது, ஏழாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் ஒரு பனங்காடையை ஏந்தி வந்தான். உண்டிவில்லால் அதை அடித்தவனும் அவனே. வீழ்ந்து கிடந்த பறவையின் நீலச் சிறகைக் கண்டதும் மனம் பொறாமல் என்னிடம் கொணர்ந்தான். நான் முதலில் அவனைக் கடிந்துகொண்டேன். பிறகு பறவையை இறுகப் பிடித்து, அலகைத் திறந்து, தண்ணீர் புகட்டினேன். சிறிது நேரத்தில் அது மூச்சுத் திணறி என் கையிலேயே இறந்தது. தன் கல்தான் கொன்றது என்று பையன் அழுதான். நானும் அவ்வாறே நம்பினேன்.

பல ஆண்டுகள் கழித்துக் கால்நடை மருத்துவர் ஒருவர் விளக்கிய பின்னரே என் பிழை எனக்குப் புலனாயிற்று. பறவையின் நாவுக்குப் பின்னால், வாயின் அடித்தளத்திலேயே மூச்சுக்குழல் திறக்கிறது. நமக்குள்ளது போன்ற மூடி அதற்கில்லை. நாம் ஊற்றும் நீர் எளிதில் உள்ளே புகுந்துவிடும். உதரவிதானமும் பறவைக்குக் கிடையாது. மார்பெலும்பு அசைந்தால்தான் மூச்சு. மார்பை இறுக்கினால் மூச்சு நின்றுவிடும். நானோ இரண்டையும் செய்திருந்தேன்.

பேகன் செய்ததே மேல். துணியொன்றை மெல்லப் போர்த்துங்கள். இருள் சூழ்ந்ததும் பறவையின் அச்சம் தணியும். காயத்தினும் அச்சம் விரைந்து கொல்வதுண்டு. சிறகுகளை உடலோடு அணைத்து, மார்பை நெருக்காமல் எடுத்து, காற்றுத் துளையிட்ட அட்டைப் பெட்டியில் வைத்து, ஓசையற்ற இடத்தில் விடுங்கள். உணவும் வேண்டா, நீரும் வேண்டா. முறிந்த சிறகைக் கழுவவும் கூடாது. பல பறவைகளின் மேற்கை எலும்பு உள்ளே காற்று நிறைந்தது. காற்றுப் பைகளோடு தொடர்புடையது. அங்கே புகும் நீரும் மூச்சுப் பாதையையே சேரும். பருந்து, ஆந்தை ஆகியவற்றின் கால் நகங்கள் கொடியவை. அவற்றை நீங்கள் தொடாமல் பெரியவர்களை அழையுங்கள். எப்பறவையைத் தொட்டாலும் பின்னர்க் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள்.

கோடையில் தரையில் தத்தித் திரியும் மைனாக் குஞ்சு பெரும்பாலும் அடிபட்டதன்று, பறக்கப் பழகுகிறது. தாய் அருகிலேயே இருக்கும். விட்டுவிடுங்கள்.

தில்லிச் சாந்தினி சௌக்கில் சமணர்கள் நடத்துவது போன்ற பறவை மருத்துவமனை எல்லா ஊரிலும் இராது. வனத்துறைக்குத் தெரிவித்து, அரசுக் கால்நடை மருத்துவரிடம் சேர்ப்பிக்கலாம். வீட்டில் வளர்க்க மட்டும் எண்ணாதீர்கள். 1963-இல் தேசியப் பறவையான மயிலை அவ்வாறு வைத்திருப்பது, 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மயில் நிலக்கடலையைக் கிளறித் தின்கிறதே என்று நம் உழவர் வருந்துவதிலும் நியாயம் உண்டு. அது வேறு பேச்சு.

அந்தச் சிறுவன் இன்று பாலக்கோட்டில் கடை வைத்திருக்கிறான். அண்மையில் ஒரு திருமணத்தில் கண்டபோது, "அன்று பறவையைக் கொன்றது உன் கல்லாக இராது அப்பா, என் தண்ணீராகவே இருக்கும்" என்றேன். அவன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "இருக்கலாம் ஐயா. ஆனால் கல்லை எறிந்தவன் நான்தானே" என்றான்.